கல்வானுக்கு முன்னும் கசானுக்குப் பின்னும்

மறைமலை நகரிலிருந்து மாமல்லபுரம் ஒரு மணி நேரப் பயணம். 2019 அக்டோபர் 11-ல் அங்கே வேட்டி சட்டையில் வந்த பிரதமர் மோடி, சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு அர்ச்சுனன் தபசைச் சுற்றிக் காட்டினார். எட்டே மாதம். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர்.

அந்தப் பகை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குள்ளும் வந்தது. நம்மோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி தேவை என்ற விதி அந்த ஏப்ரலிலேயே வந்திருந்தது. கொரோனாவில் நின்ற சீனாவுக்கான நேரடி விமானங்கள் நின்றபடியே கிடந்தன. சீனப் பொறியாளருக்கு விசா குதிரைக்கொம்பானது. செல்போனோ பேட்டரியோ, எதைச் செய்யவும் வேண்டிய இயந்திரங்களில் பல சீனாவிலிருந்து வருபவை. இயந்திரம் கப்பலில் வந்து இறங்கிவிடும். அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, பழுது பார்க்கத் தெரிந்தவர்தான் வர முடியாது.

இன்று காற்று மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் எல்லை ரோந்து உடன்பாடு. உடனே ரஷ்யாவின் கசானில் இரு தலைவர்களின் சந்திப்பு. 2025-ல் கயிலாய யாத்திரை மீண்டும் தொடங்கியது, சீனர்களுக்குச் சுற்றுலா விசா திறந்தது, அக்டோபர் 26-ல் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு விமானம் பறந்தது. மனமார வரவேற்கிறேன். எல்லையில் அமைதி நிலவினால் இன்னொரு பழனியை நாம் இழக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அதே 2025 ஏப்ரலில்தான் மின்வாகன மோட்டார்களுக்கு வேண்டிய அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கடிவாளம் போட்டது. இங்குள்ள ஐபோன் ஆலைகளில் இருந்த 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அழைத்துக்கொண்டதாக ஜூலையில் செய்தி வந்தது. கைகுலுக்கல்களைவிட இவற்றைத்தான் நான் உரைகல்லாகக் கொள்கிறேன்.

நம் ஆலைகளையும் அரசையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: விசாவோடு வரும் ஒவ்வொரு பொறியாளர் பக்கத்திலும் நம் ஐடிஐ, டிப்ளமா பிள்ளைகள் இருவரை நிறுத்துங்கள். இயந்திரத்தைத் திறந்து பழுது பார்க்க அவர்கள் கற்கட்டும். கதவு திறந்திருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.