அலுமாரியில் உறங்கும் கைநூல்

"கிளினிக் கொப்பி எங்கே?"

அவசரமாக வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் கர்ப்பிணியின் கணவரிடம் தாதி இப்படிக் கேட்பதுண்டு. "பத்திரமாக அலுமாரியில் இருக்கிறது" என்று பதில் சொல்பவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அலுமாரியில் இருக்கும் கொப்பியால் யாருக்கு என்ன பயன்?

கர்ப்பிணிகளுக்கான கைநூல் நேற்றுத் தோன்றியதல்ல. 1942இல் ஜப்பான் அதனை வழங்கத் தொடங்கியது. போர்க்காலப் பங்கீட்டில் மேலதிக உணவு பெறவும் அது உதவியதால் பெண்கள் அதனைப் பேணி வைத்திருந்தனர். 1948இல் அது தாய்க்கும் சேய்க்கும் பொதுவான ஒரே நூலாயிற்று. 1990களில் ஜப்பானின் உதவியுடன் இந்தோனேசியாவும் தன் மக்களுக்கேற்ற கைநூலை ஆக்கிக் கொண்டது. நமது நாட்டிலும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் பதிவு செய்யும் கர்ப்பிணியின் கையில் பதிவேடு கொடுக்கப்படுகிறது.

ஏன் அவளது கையில்? சிக்கல்கள் கிளினிக் நாள் பார்த்து வருவதில்லை. வீட்டில் இருக்கும்போது அவற்றை முதலில் காணக்கூடியவர்கள் அவளும் அவளது குடும்பத்தாருமே.

வீக்கமும் தலைவலியும்

"வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கால் வீங்கத்தானே செய்யும்" என்பார் மாமி. கணுக்கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்கி, கடும் தலைவலியும் கண் மங்கலும் மேல்வயிற்று வலியும் வந்தால் அது வேறு கதை. இரத்த அழுத்தம் 140/90 அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். கவனியாது விட்டால் வலிப்பு வந்து இரு உயிர்களுக்கும் ஆபத்தாகலாம். சிலருக்கு எந்த அறிகுறியுமின்றியே அழுத்தம் உயர்வதால் கிளினிக்கைத் தவறவிடலாகாது.

இரத்தப்போக்கு, காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலை செல்ல வேண்டும்.

மாத்திரையும் தேநீரும்

இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் அச்சத்து உடலில் சரியாகச் சேராது. தேசிக்காய்ச் சாறு அதற்கு நல்ல துணை. கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுக்க வேண்டும்.

சகோதரிகளே, இன்றிரவே அந்தக் கொப்பியை வெளியே எடுங்கள். கணவரும் உம்மாவும் மாமியும் அருகிலிருக்க, வாசித்துக் காட்டுங்கள். பின்னர் அதனைக் கைப்பையில் வையுங்கள். எங்கு சென்றாலும் அது உங்களோடு வரட்டும். மயங்கிக் கிடக்கும் வேளையில் உங்களுக்காகப் பேசப்போவது அதுதான்.