ஊர்ப் பணம் மூழ்கியபோது வங்கி கட்டிய வக்கீல்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் 'திருவண்ணாமலைக்குப் போறோம்' என்று யாராவது சொன்னால், கிரிவலம் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்வது அந்த வட்டாரத்திலேயே இருக்கும் இன்னொரு திருவண்ணாமலை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நின்றிருக்கும் 'தென் திருப்பதி'. திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் நேர்த்திக்கடனை இங்கே செலுத்துவார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் படியெல்லாம் கூட்டம்தான்.

பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடியும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. வீட்டில் எத்தனை கஷ்டம் வந்தாலும் அந்த முடிச்சில் கை வைக்க மாட்டார்கள். அது நம் காசு இல்லை, சாமி காசு. எடுத்தால் குற்றம்.

அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தப் பயம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அது இல்லாமல் போனதால் சென்னை ஒருநாள் கதறி அழுதது. அந்த அழுகையிலிருந்து ஒரு வங்கியும் பிறந்தது. அதற்குக் காரணமானவர் வி.கிருஷ்ணசாமி ஐயர்.

அந்தத் திங்கட்கிழமை

22.10.1906. சென்னையில் 'அர்பத்நாட் அண்டு கோ' என்ற வெள்ளைக்காரக் கம்பெனி கதவைச் சாத்தியது. வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் செய்துவந்த பெரிய நிறுவனம் அது. ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள், கணவனை இழந்த பெண்கள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள் என்று பலரும் அங்கே பணம் போட்டிருந்தார்கள். 'துரைமார் கம்பெனி, எங்கே போய்விடப்போகிறது?' என்ற நம்பிக்கைதான்.

நடந்தது வேறு. கம்பெனியோடு தொடர்புடைய லண்டன் பங்குதாரர் மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் இறங்கிப் பெரும் பணத்தை இழந்திருந்தார். எல்லாம் வெளியே வரும் நேரத்தில் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். லண்டனில் விழுந்த அடி சென்னையையும் சாய்த்தது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அவர் சிறைக்குப் போனார். போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை.

வழக்கோடு நிற்கவில்லை

பணத்தை இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களில் முக்கியமானவர் கிருஷ்ணசாமி ஐயர். தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் 15.6.1863-ல் பிறந்தவர். அப்பா மாவட்ட முன்சீப். கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்து வக்கீலானார். ஆரம்பத்தில் வழக்குகள் அதிகம் வரவில்லை. பிறகு மயிலாப்பூரின் முன்னணி வக்கீல்களில் ஒருவரானார்.

வழக்கை நடத்துவதோடு நம் வேலை முடிந்தது என்று அவர் போயிருக்கலாம். போகவில்லை. நாளைக்கு இந்த மக்கள் பணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று யோசித்தார். அப்போது சென்னையில் இருந்த பெரிய வங்கி 'பாங்க் ஆஃப் மெட்ராஸ்'. அதுவும் ஆங்கிலேயர் கையில். நம்மவர் பணத்தை நம்மவரே நிர்வகிக்கும் வங்கி வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார்.

பணத்தைப் பறிகொடுத்துச் சில வாரங்கள்கூட ஆகாத ஊரில், 'புது வங்கிக்குப் பங்கு எடுங்கள்' என்று கேட்பது சாதாரணமா? அவர் கேட்டார். கொண்டுவிற்றலில் தேர்ந்த நகரத்தார் கைகொடுத்தார்கள். அண்ணாமலைச் செட்டியாரின் அண்ணன் ராமசாமிச் செட்டியார் அவர்களில் முக்கியமானவர்.

5.3.1907-ல் வங்கி பதிவானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் கதவு திறந்தது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு சுதந்திரம் பெற்றது! அந்த வங்கிதான் 'இந்தியன் வங்கி'. 1969-ல் நாட்டுடைமை ஆனது. 2020-ல் அலகாபாத் வங்கி இதனோடு இணைந்தது. நம் ஊர்க் கடைத்தெருவில் பாஸ்புக்கோடு வரிசையில் நிற்கிறோமே, அதன் தொடக்கம் அந்தத் திங்கட்கிழமையின் கண்ணீர்.

எதிர் அணிக்காரருக்கும் உதவி

காங்கிரஸில் அப்போது இரண்டு அணி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. பாரதியாரோ தீவிரவாத அணி. 'இந்தியா' பத்திரிகையில் மிதவாதிகளை விளாசியவர். 1907-ல், பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன் மூலம் ஐயருக்கு முன்னால் பாரதி தன் பாடல்களைப் பாட நேர்ந்தது. கேட்டவர் உருகிப்போனார். அரசியலில் எதிர்ப்பக்கம் என்று பார்க்கவில்லை. தன் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பாரதிக்கு அப்போது 24 வயது. நூல் வடிவில் அவர் கவிதைகள் ஊருக்குள் போக முதலில் வழிவிட்டவர் அரசியலில் அவரோடு உடன்படாதவர்!

சம்பாதித்ததை அவர் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. அப்பா பெயரில் 1905-ல் மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம் தொடங்கினார். ஏழைகளுக்கு இலவச வைத்தியம். 1906-ல் சம்ஸ்கிருதக் கல்லூரி. மயிலாப்பூர் ரானடே நூலகத்திலும் அவர் பங்கு உண்டு.

1909-ல் உயர் நீதிமன்ற நீதிபதி. 1911-ல் கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர். அதே ஆண்டு டிசம்பர் 28-ல் காலமானார். வயது 48தான். மெரினா எதிரே, சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தின் அருகே அவர் சிலை இருக்கிறது. அடுத்த முறை பீச்சுக்குப் போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

நம் முடிச்சு பத்திரமா?

அர்பத்நாட் போய் நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஏமாற்றுகிற விதம் மட்டும் மாறவில்லை. பெரிய கட்டடம், பெரிய பெயர், மற்றவர்களைவிடக் கூடுதல் வட்டி. பஞ்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணமும், பால்கோவா விற்றுச் சேர்த்த பணமும் இப்படித்தான் போகின்றன. அதனால் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

• வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. 1960-ல் கேரளாவின் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகு, 1962-ல் வந்த ஏற்பாடு இது. 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு.

• நகர, மாவட்ட, மாநிலக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

• சீட்டு போடுவதாக இருந்தால் 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவான கம்பெனியா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்திருக்கிறார் என்பது மட்டும் போதாது.

• பணம் வாங்கும் நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'சாஷே' இணையதளத்தில் பார்க்கலாம். புகாரும் கொடுக்கலாம்.

• 'இன்னைக்கே போட்டாதான் இந்த வட்டி' என்று அவசரப்படுத்தினால், அன்றைக்குப் போடாதீர்கள். வீட்டில் நாலு பேரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கோயில் முடிச்சை நாம் எவ்வளவு பயபக்தியோடு வைத்திருக்கிறோம்! ஊரார் பணத்தையும் அதே பயபக்தியோடு பார்க்கச் சொன்னவர் கிருஷ்ணசாமி ஐயர். சொன்னதோடு விடாமல் அதற்கு ஓர் இடத்தையும் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த முடிச்சை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்ப்பது நம் பொறுப்பு.