சொல்லும் செவியும்

மாணவர்களே, மருத்துவமனையில் நோயாளியின் உயிர் மருந்தையும் கத்தியையும் மட்டும் நம்பியிருப்பதன்று. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதையும் நம்பியிருக்கிறது. 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிறியதோர் அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப்பெற்ற பெண்மணி ஒருவருக்கு மூச்சுவழி அடைபட்டது. தொண்டையில் துளையிட்டுக் காற்றுச் செலுத்துவதற்கான கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொணர்ந்து, அவை ஆயத்தமாயிருப்பதை அறிவித்தார். மருத்துவர்களோ வாய்வழியே குழாயைச் செலுத்தும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தனர். சில நாள்களில் அப்பெண்மணி மறைந்தார். அங்கே அறிவுக்குக் குறைவில்லை. சொல் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை.

இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று ஒத்திகைப் பயிற்சி. நின்ற மூச்சை மீட்கும் முறையைப் பழகுவதற்கென நார்வே நாட்டு லேர்டால் என்பார் 1960இல் ஒரு பொம்மையை வெளியிட்டார். இன்றைய பொம்மைகளுக்கு நாடி துடிக்கும், மூச்சு வாங்கும், குரலும் உண்டு. விமானிகள் போலி விமான அறையில் ஆபத்தைச் சமாளிக்கப் பழகுவதைப் போல, செவிலியரும் மருத்துவரும் இப்பொம்மையைச் சுற்றி நின்று பழகுகின்றனர்.

இதில் தேர்வு நடத்துவது எங்ஙனம்? பள்ளித் தேர்வில் விடைத்தாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இங்கோ விடை இருவருக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே தேர்வாளர் இருவர், ஒருவரையொருவர் கலக்காமல், கண்டதைக் குறிக்கின்றனர். நிலைமை, பின்னணி, தம் கணிப்பு, வேண்டுவது ஆகிய நான்கையும் செவிலியர் முறையே கூறினாரா? "அட்ரினலின் 1 மில்லிகிராம்" என்று மருத்துவர் சொன்னதும், செவிலியர் அதைத் திருப்பிச் சொன்னாரா? மருத்துவர் "ஆம்" என்று உறுதி செய்தாரா? இரு தேர்வாளரின் குறிப்புகளும் பெரிதும் மாறுபட்டால், வினாப்பட்டியலைத் திருத்தவேண்டும், அல்லது தேர்வாளரைப் பழக்கவேண்டும்.

மற்றொரு சோதனையும் உண்டு. மருத்துவராக நடிப்பவர் வேண்டுமென்றே தவறான அளவைக் கூறுவார். அப்போது செவிலியர் வாய் திறக்கிறாரா என்று பார்ப்பர். பதவியில் உயர்ந்தவரை மறுத்துப் பேசுதல் எளிதன்று. அதற்கும் பயிற்சி வேண்டும்.

முடிவில் அனைவரும் அமர்ந்து, பதிவான படத்தைப் பார்த்து ஆராய்கின்றனர். இது தண்டிப்பதற்கன்று, திருந்துவதற்கே. ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும். செவிலியர் பேசினாரா என்று மட்டும் அளப்பது பாதித் தேர்வேயாகும். மருத்துவர் நின்று கேட்டாரா என்பதையும் அளந்தாலன்றி அத்தேர்வு முழுமை பெறாது. கேளாத செவிக்கும் மதிப்பெண் குறைதல் வேண்டும்.