மாதம் மூன்று மருந்து போதும்!

மருந்துக்கடை கவுண்டரில் நின்றே தலை நரைத்தவன் நான். சீட்டை நீட்டி, "இதுல எது முக்கியமோ அதை மட்டும் குடுங்கண்ணே" என்பவர்களுக்குக் குறைவே இல்லை. மூட்டுவலி மாத்திரையை விடமாட்டார்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிடுவார்கள். வலி தெரிகிறது, பிரஷர் தெரிவதில்லையே!

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1981 செப்டம்பரில் இந்தத் தேர்வையே சட்டமாக்கியது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் ஒருவருக்கு மாதம் மூன்று மருந்துகளுக்குத்தான் அரசு பணம் தரும் என்றார்கள். சளி, காய்ச்சல் என்று வருபவருக்கு இதில் நஷ்டமில்லை. சர்க்கரை, இதயம், பிரஷர் என்று ஐந்தாறு மருந்துகளில் காலம் தள்ளுகிற முதியவர் மாட்டிக்கொண்டார்.

ஸ்டீபன் சுமராய் தலைமையிலான ஆய்வாளர்கள் இதைப் பின்தொடர்ந்தார்கள். பலனில்லாத மருந்துகள் நன்றாகவே குறைந்தன. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் இன்சுலினும், இதய நோயாளிக்கு உடம்பில் நீர் கோக்காமல் காக்கும் மாத்திரையும் சேர்ந்தே குறைந்தன. எது தேவை, எது வீண் என்று பிரிப்பது மருத்துவர் வேலை. அதை நோயாளி தலையில் கட்டிவிட்டு அரசு எண்ணிக்கை மட்டும் பார்த்தது.

நாள்பட்ட நோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்டவர்களை, இப்படியொரு வரம்பு இல்லாத நியூ ஜெர்சிக்காரர்களோடு ஒப்பிட்டு 1991-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருந்து உபயோகம் 35 சதவீதம் இறங்கியிருந்தது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேரும் அபாயமோ 1.8 மடங்கு. அந்த இல்லத்துக்கும் பணம் கட்டுவது பெரும்பாலும் அதே மெடிக்கெய்டுதான்!

என்னைத் திகைக்க வைத்தது 1994-ல் வந்த கணக்கு. மனச்சிதைவு நோயாளிகளின் மருந்து குறைந்ததும் மனநல மையங்களுக்கும் அவசரச் சிகிச்சைக்கும் வருகை ஏறியது. வரம்பு இருந்த மாதங்களில் ஒரு நோயாளிக்குக் கூடிய மனநலச் செலவு சராசரியாக 1,530 டாலர். மருந்தில் மிச்சம் பிடித்ததைப் போல 17 மடங்கு. மருந்துத் துறைக் கணக்கை மட்டும் பார்த்த அதிகாரிக்கு அது லாபமாகத்தான் தெரிந்திருக்கும்.

செலவைக் குறைப்பதே தப்பென்று நான் வாதாட வரவில்லை. விலை கூடிய பிராண்டுக்குப் பதில் ஜெனரிக் கொடுக்கலாம், பலனற்றதைப் பட்டியலிலிருந்தே தூக்கலாம். நியூ ஹாம்ப்ஷயரும் 11 மாதத்தில் வரம்பைக் கைவிட்டு, சீட்டுக்கு ஒரு டாலர் வாங்கத் தொடங்கியது. மருந்து உபயோகம் ஏறக்குறைய பழைய அளவுக்கு ஏறியது. அதற்குள் பராமரிப்பு இல்லம் போய்ச் சேர்ந்த முதியவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை.