கடல்நாய்க்காக நின்ற யந்திரம்

மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றுகிறது. இதைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாகாதா என்று மாணவர் கேட்பதுண்டு. எடுக்கலாம், ஆனால் கடலில் வாழும் பிராணிகளின் கதி என்ன? வட அயர்லாந்தில் ஸ்ட்ராங்போர்டு என்னும் கடற்கழியில் இதைச் சோதித்தனர்.

அக்கழி 1995இல் கடல் உயிர்க் காப்பகமாக்கப்பட்டது. அதன் குறுகிய வாயிலில் நீர் மிகுந்த வேகத்துடன் பாயும். அங்கே 2008இல் ‘சீஜென்’ என்ற யந்திரத்தை நிறுவினர். நீருக்கடியில் சுழலும் இரு பெரிய காற்றாடிகள் என்று கொள்ளலாம். ஒவ்வொன்றின் குறுக்களவு 16 மீட்டர். மொத்தத் திறன் 1,200 கிலோவாட். நீர் திசை மாறினால் தகடுகளும் திரும்பிக்கொள்ளும். எனவே ஏற்றம், வற்றம் இரண்டிலும் மின்சாரம் கிடைத்தது.

கடல்நாய்கள் தகட்டில் அடிபடுமோ என்பதே அச்சம். முதலில் ஆட்கள் பார்த்திருந்து யந்திரத்தை நிறுத்தினர். பின்னர் ஒலியலைக் கருவி அவற்றைக் கண்டறிந்தது. பிராணி நெருங்கினால் சுழற்சி நின்றுவிடும். மூன்றாண்டுக் கண்காணிப்பில் பெருந்தீங்கு ஏதும் தென்படவில்லை.

தென்படாததில் வியப்பென்ன? நெருங்குமுன்பே நிறுத்திவிட்டால், நிறுத்தாவிடில் என்ன நேரும் என்பதை எவ்வாறு அறிவது? அந்த முக்கிய கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. ஆயினும், காப்பகத்துக்குள் வேறு வழியில் சோதித்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. 2019இல் யந்திரம் முற்றிலும் அகற்றப்பட்டது.