தமிழரைச் சிரிக்க வைத்த கன்னட வீட்டுப் பிள்ளை!

கோலார் தங்கவயல், பாலகாட்.

லைன் வீடு ஒன்றில் டெலிவிஷனில் "திருவிளையாடல்" ஓடுகிறது என்றால், வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவர்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். சிவபெருமானைப் பார்க்க அல்ல. தருமி வரும் நேரம் ஆகிவிட்டது!

பாண்டிய மன்னன் ஆயிரம் பொற்காசு பரிசு அறிவித்திருக்கிறான். பாட்டெழுத வராத ஏழைப் புலவன் ஒருவன் கோயிலில் நின்று தனக்குத் தானே புலம்புகிறான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக் கொள்கிறான். 1965-ல் வந்த படம். இன்றைக்கும் குழந்தை முதல் கிழவர் வரை வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

இந்த ஊரில் அந்தச் சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தரைக்குக் கீழே பத்தாயிரம் அடிக்கு மேல் இறங்கிப் பொன் எடுத்துக் கொடுத்தவர்களின் ஊர் இது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். எடுத்த பொன்னில் ஒரு குன்றிமணிகூட வீட்டில் மிஞ்சாதவர்களுக்கு, பொற்காசுக்கு ஏங்குகிறவனின் கஷ்டத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தருமியாக வந்தவர் நாகேஷ். ஆனால், தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த அந்த மனிதரின் தாய்மொழி தமிழ் அல்ல, கன்னடம்! இது இங்கேயே பலருக்குத் தெரியாது.

தாராபுரத்திலிருந்து...

1933-ல் பிறந்தவர் நாகேஷ். ஊர் தாராபுரம். தகப்பனார் பெயர் கிருஷ்ணராவ். வீட்டில் பேச்சு கன்னடம். தெருவில் பேச்சு தமிழ். இங்கே பாலகாட்டிலும் சாம்பியனிலும் உள்ள பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் பேசி வளர்கிறார்களே, அதை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி! இரண்டு மொழிக்கு நடுவில் வளர்கிற பிள்ளைக்குக் காது கூர்மையாகிவிடும். யார் எப்படி இழுத்துப் பேசுகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். பிற்காலத்தில் நாகேஷ் பேசிய வேகத்துக்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

உருவமோ ஒல்லி. அம்மை நோய் வந்து முகமெல்லாம் தழும்பு. கதாநாயகன் என்றால் செக்கச் சிவந்த முகமும் சுருட்டை முடியும் வேண்டும் என்றிருந்த காலம் அது. அந்த முகத்தை வைத்துக் கொண்டு சினிமாவுக்குப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் உள்ளவர்களே சிரித்திருப்பார்கள்.

ரயில்வே குமாஸ்தா

சென்னையில் அவருக்குக் கிடைத்தது ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நிரந்தர உத்தியோகம், மாதச் சம்பளம், பாஸ், பி.எப். அந்தக் காலத்தில் ரயில்வே வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். நாகேஷின் மனம் மட்டும் பைலில் நிற்கவில்லை. நாடகக் கொட்டகையைச் சுற்றியது.

ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்று வலிக்காரன் வேஷம். டாக்டரிடம் வந்து வலி என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தச் சில நிமிஷத்துக்குள் மனிதர் துடித்த துடிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. அன்று தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். மற்றவர்களை விட்டுவிட்டு, அந்த வயிற்று வலிக்காரனைத்தான் மேடையில் பாராட்டினார்; பரிசும் அவருக்கே போயிற்று.

ஆபீசும் நாடகமும் ஒரே ஆளுக்கு ஒத்துவராது. பகலில் லெட்ஜர், ராத்திரியில் ஒத்திகை, மறுநாள் லீவு லெட்டர். மேலதிகாரியிடம் லீவு கேட்டு நிற்பதே ஒரு நடிப்பு என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும்! கடைசியில் நாகேஷ் வேலையை உதறினார். தியாகராய நகரில் கவிஞர் வாலியும் அவரும் ஒரே அறையில் காலம் தள்ளிய நாட்கள் உண்டு. இருவரிடமும் காசு இல்லை. 1959-ல் "தாமரைக்குளம்" படத்தில் முகம் காட்டினார்.

அவருக்காகப் பேனா பிடித்தவரும் ஒரு குமாஸ்தாதான்! சென்னை ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக் கொண்டே நாடகம் எழுதிய கே. பாலசந்தர். நாகேஷை மனதில் வைத்தே அவர் எழுதிய நாடகம் "சர்வர் சுந்தரம்". கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷனில் 1964-ல் படமாக வந்தது.

கதை எளிமையானது. ஓட்டலில் காப்பி கொண்டுவந்து வைக்கும் சர்வர் ஒருவன் சினிமா நடிகனாகிறான். பேரும் பணமும் வருகின்றன. மனதில் நினைத்த பெண் கிடைக்கவில்லை, தாயும் போய்விடுகிறாள். கையில் டம்ளர்களை அடுக்கிக் கொண்டு வளைந்து நெளிந்து வரும் நாகேஷைப் பார்த்துச் சிரித்தவர்கள் படம் முடியும்போது கண்ணைத் துடைத்தார்கள்.

அதே 1964-ல்தான் ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை"யும் வந்தது. "ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்" செல்லப்பா! கையில் காலணா இல்லாமல், அப்பா பணத்தை நம்பிப் படம் எடுக்கத் துடிக்கும் பிள்ளை. அப்பா டி.எஸ். பாலையாவுக்கு அவர் பேய்க் கதை சொல்லும் காட்சியில், சொல்கிறவர் கெட்டிக்காரரா, பயந்து நடுங்கிக் கேட்கிறவர் கெட்டிக்காரரா என்று இன்றும் டீக்கடையில் சண்டை நடக்கும். பாலையா கட்சிதான் வலுவானது என்று சொல்ல வேண்டும். ஆனாலும் எதிரில் நாகேஷ் இல்லாவிட்டால் அந்த நடுக்கம் வந்திருக்காது.

தருமி காட்சியைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். படத்தின் கதாநாயகன் சிவாஜி. தன்னை மிஞ்சி ஒரு துணை நடிகர் கைதட்டு வாங்குகிறார் என்றால் வெட்டச் சொல்லும் ஹீரோக்கள் உண்டு. சிவாஜியோ, இதில் ஒரு அடிகூட வெட்டக் கூடாது என்று டைரக்டர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னாராம். அதனால்தான் இன்றைக்கும் நாம் சிரிக்கிறோம்.

நாகேஷின் பாத்திரங்களை நினைத்துப் பாருங்கள். சர்வர், ஏழைப் புலவன், "நீர்க்குமிழி"யில் சாவை வைத்துக் கொண்டு ஆஸ்பத்திரியையே சிரிக்க வைக்கும் நோயாளி, "எதிர்நீச்ச"லில் பல குடித்தனம் உள்ள வீட்டில் மாடிப்படிக்கு அடியில் படுத்துக் கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி செய்து, மிச்சம் மீதி சாப்பிட்டுப் படிக்கும் மாது... பிறர் வீட்டு வாசலில் கை கட்டி நிற்க வேண்டியவர்கள். அப்படி நின்று பழகியவர்கள்தான் அவரை அதிகம் ரசித்தார்கள். "தில்லானா மோகனாம்பாள்" வைத்தி மட்டும் விதிவிலக்கு. அவன் பெரிய மனிதர்களை அண்டிப் பிழைக்கும் தரகன். அவனைப் போன்ற ஆளும் எல்லா ஊரிலும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம்.

அழுத பிறகு கிடைத்த விருது

நகைச்சுவை நடிகனுக்கு வயது ஒரு எதிரி. புதியவர்கள் வந்தார்கள், நாகேஷுக்கு நல்ல வேஷங்கள் குறைந்தன. 1975-ல் பாலசந்தரின் "அபூர்வ ராகங்க"ளில் குடிகார டாக்டராக வந்து தன் நிழலோடு பேசியவரை, 1989-ல் "அபூர்வ சகோதரர்க"ளில் வில்லனாகப் பார்த்து ஜனங்கள் திடுக்கிட்டார்கள். 1994-ல் "மகளிர் மட்டும்" படத்தில் அவருக்குப் பிணமாக வேஷம். வசனமே கிடையாது. அதிலும் தியேட்டரில் சிரிப்பு அடங்கவில்லை!

அதே ஆண்டு "நம்மவர்" படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக நடித்தார். அதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. முப்பத்தைந்து வருஷம் சிரிக்க வைத்தவருக்கு, அழுது காட்டிய பிறகு டில்லி கொடுத்த விருது அது.

இங்கிலாந்தில் டேவிட் ஜேசன் என்று ஒரு நடிகர். மீன் மார்க்கெட்டில் சுமை தூக்கியவரின் மகன். எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். டெலிவிஷன் சிரிப்புத் தொடர்களில் கடைப் பையனாகவும் தெருவோர வியாபாரியாகவும் நடித்தே பெயர் வாங்கியவர். 2005-ல் அவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. நாகேஷுக்கு ஒரு பத்மஸ்ரீகூடக் கிடைக்கவில்லை.

2008-ல் வந்த "தசாவதாரம்" வரை நடித்தார். 2009 ஜனவரி 31-ம் தேதி, சனிக்கிழமை, சென்னையில் காலமானார். வயது 75. அந்த ஆண்டுக்கான பத்ம விருதுப் பட்டியல் வெளியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதில் ஒரு தமிழ் நகைச்சுவை நடிகரின் பெயர் இருந்தது: விவேக்.