‘மனுசங்கடா’ பாடலில் விளிச்சொல்லின் இடம்

கவிஞர் இன்குலாப் இயற்றிய ‘மனுசங்கடா’ பாடலை மேடைதோறும் பாடிப் பரப்பியவர் முனைவர் கே.ஏ. குணசேகரன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையே இதன் பின்புலம். இக்கட்டுரை பாடலின் தலைப்புச் சொல்லிறுதியை மட்டும் நோக்குகிறது.

‘அடா’ என்பது ஆதிக்கச் சாதியினர் வயது பாராது ஒடுக்கப்பட்டோரை அழைத்த விளி. அதே விளியை ஒடுக்கப்பட்டோர் திருப்பிச் சொல்லும்போது, தாம் மனிதர் என்னும் உரிமைக்கூற்றும் பணிவு மறுப்பும் ஒரே சொல்லில் அமைகின்றன. ‘மனிதர்களடா’ எனச் செம்மைப்படுத்தின் பொருள் மாறாது. வழக்குமொழியின் சூடு தணிந்துவிடும். ‘வடு’ என்னும் தன்வரலாற்றில் சாதி இழிவுகளைப் பதிவுசெய்த குணசேகரனுக்கு அவ்விளி ஏட்டறிவு அன்று.

இசைநிலையிலும் இவ்விறுதி பயன்படுகிறது. நெடிலில் முடிவதால் பாடகர் நீட்டவும், குழுவினர் அவ்விடத்தில் சேர்ந்து எடுத்துப் பாடவும் இயல்கிறது.